வாளிக்குள் டோக்கன்

குடவாசல் மண்டபத்துக்கு உள்வேலை.
சதுர அடி பதினோரு ரூபாய்க்குப் பேசியிருந்தார் பன்னீர்.
எங்களுக்குச் சதுர அடி கிடையாது, நாள் கணக்கு.
பிரஷ் பிடிக்கிறவனுக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது,
உப்புத்தாள் பிடிக்கிறவளுக்கு ஐந்நூறு.
இரண்டும் கைதானே என்று
ஒருதரம் சொல்லிப் பார்த்தேன்.
டீ வந்துவிட்டது.

பட்டி தேய்த்தால் பறக்கிற மாவு
இமையில் உட்காரும், பல்லில் நறநறக்கும்.
சாயங்காலம் கும்பகோணம் பஸ்ஸில்
பக்கத்து சீட்டு அம்மாள்
"ரைஸ்மில்லுலயா வேலை?" என்பாள்.
ஆமாம் என்றுவிடுவேன்.
மில்லில் பி.எஃப். பிடிப்பார்களாம்.

மார்கழியில் தூங்க நேரமிருக்காது.
தையிலிருந்து வைகாசி வரை புதுவீடுகள்.
ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள்.
ஐப்பசி மழையில் வெளிச்சுவரைப் பற்றிப்
பேசவே ஆளிருக்காது.
வருஷத்துக்கு இருநூற்றுப் பத்து நாள் என்று போட்டேன்.
சந்தனமாரி நூற்றெண்பது என்கிறாள்.
குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள்,
அவள் கணக்குதான் நிற்கும்.

அப்புறம் ஓதம்.
அரசலாற்றில் தண்ணீர் வந்த பத்தாம் நாள்
சுவருக்குள்ளும் வந்துவிடுகிறது.
முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் பொருக்காடினால்
ஆற்றைக் கூப்பிட்டுத் திட்ட முடியுமா?
பெயிண்டருக்குப் போன் வரும்.

முன்னேற வழி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.
ஜெரோம் கோட்டயம் போனான்,
ஆயிரத்து இருநூறு, சோறு தனி.
ரகுமத்துல்லா டெஸ்ட் பாஸாகி சிங்கப்பூர் போனான்,
ஏஜெண்டுக்குக் கட்டிய மூன்று லட்சத்தை
இரண்டு வருஷமாகச் சுவர் சுவராகக் கழிக்கிறான்.
பன்னீரும் ஒரு காலத்தில் உப்புத்தாள்தான்.
இப்போது பைக், இரண்டு போன்,
சாரம் வாடகைக்கு விடுகிறார்.
புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டியவள்
இந்த வழி எதிலும் போனதாக
எனக்குத் தெரிந்து இல்லை.

மண்டபத்தில் மேடைப் பின்சுவர்,
மறுநாள் முகூர்த்தம்.
தின்னர் வாடையில் வில்சனுக்குத் தலைசுற்றல்,
சாரத்திலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டான்.
கூரையும் சுவரும் சேர்கிற இடத்தில்
கட்டிங் இழுக்க வேண்டும், டேப் ஒட்டாமல்.
மூச்சு விட்டால் கோடு நெளியும்.
நான் ஏறினேன்.
நாற்பத்திரண்டு அடி.
வெள்ளை வெள்ளையில் நின்றது,
பிஸ்தா பிஸ்தாவில் நின்றது.
மண்டபக்காரர் அண்ணாந்து பார்த்து
"வில்சன் கைன்னா கைதான்" என்றார்.
வில்சன் ஒன்றும் சொல்லவில்லை.
பன்னீரும்.
சனிக்கிழமை கவரில் ஆறு நாள் கூலி,
மேலே ஒரு ஐம்பது.
அந்த ஐம்பது எதற்கென்று நான் கேட்கவில்லை.
கேட்காததுதான் ராத்திரி தூங்கவிடவில்லை.

வலங்கைமானில் ஒரு நர்ஸம்மா வீடு, இரண்டு ரூம்.
டேப் பிடித்து அளந்தேன், ஜன்னலைக் கழித்தேன்.
பன்னீர் கழிக்க மாட்டார்.
ஒன்பது என்று சொல்ல வாயெடுத்து
பத்து என்றேன்.
"ஆம்பளை ஆள் யாரும் வரலையா?"
"ஏணி பிடிக்க ஆள் வரும்" என்றேன்.
யாரையும் இன்னும் கேட்டிருக்கவில்லை.

பாதிக் காசு, பாதிக் கடன்,
இருபது லிட்டர் வாளி.
உள்ளே கிடக்கிற டோக்கன்
இதுவரை நான் துழாவி எடுத்துத் துடைத்து
பன்னீர் பையில் போட்டதுதான்.
இன்று காலை மூடியை நெம்பி
முழங்கை வரை கைவிட்டேன்.
எண்பது ரூபாய்.

அந்தக் கையை நீட்டிக்கொண்டே
மற்றக் கையால் சந்தனமாரிக்குப் போன் போட்டேன்.
எவ்வளவு நாள் என்று கேட்டாள்,
அஞ்சு நாள் என்றேன்.
உப்புத்தாளுக்கு எவ்வளவு தருவே என்று கேட்டாள்.
ஐந்நூறு என்று
நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.
நர்ஸம்மா வீட்டுத் தரையில்
பேப்பர் விரிக்க மறந்திருந்தேன்.